342 முறை எடுக்கப்பட்ட பூக்காரிக் காட்சி

"சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படத்தின் பூக்காரிக் காட்சியை 342 முறை எடுத்தாராமே, அது வெறும் பிடிவாதமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பிடிவாதமும் உண்டு. ஆனால் அதற்கு அடியில் தீராத ஒரு கதைச் சிக்கல் இருந்தது. அதைக் கவனிக்காமல் கின்னஸ் சாதனைப் பட்டியலில் ஏறிய அந்த எண்ணிக்கையை மட்டும் வியந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

பார்வையற்ற ஒரு பூக்காரி, சாப்ளின் நடிக்கும் கந்தல் கோட்டுப் போட்ட நாடோடியைப் பெரும் பணக்காரர் என்று நம்பியாக வேண்டும். கதை முழுவதும் அந்த நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது. கண்ணால் பார்த்து அவள் ஏமாற வழியில்லை, காதால் கேட்டுத்தான் ஏமாற வேண்டும். படமோ மௌனப்படம். 1927 அக்டோபரில் 'த ஜாஸ் சிங்கர்' வெளிவந்து ஹாலிவுட்டே பேசும்படத்துக்குத் தாவிக்கொண்டிருந்த வேளையில், 1928 டிசம்பர் இறுதியில், வசனம் வேண்டாம் என்ற முடிவோடு படப்பிடிப்பைத் தொடங்கியவர் சாப்ளின். முழுமையாக எழுதி முடித்த திரைக்கதையை வைத்துக்கொண்டு படமெடுப்பது அவர் வழக்கமில்லை. கேமராவை ஓடவிட்டுத்தான் யோசிப்பார். ஆகவே அந்த 342-இல் பெரும் பகுதியை, மற்றவர்கள் தாளில் அடித்துத் திருத்தும் வேலையை அவர் படச்சுருளில் செய்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசியில் அவர் கண்ட விடை ஒரு காரின் கதவு. நெரிசலில் நிற்கும் கார்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாடோடி, போலீஸ்காரர் கண்ணில் படாமல் நழுவுவதற்காக ஒரு சொகுசுக் காரின் ஒரு பக்கம் ஏறி, நடைபாதைப் பக்கமாக இறங்கிக் கதவைச் சாத்துகிறான். அங்கே அமர்ந்திருக்கும் பூக்காரி முகத்தைத் திருப்பிப் பூவை நீட்டுகிறாள். கதவின் ஓசையை நாம் கேட்பதில்லை, அவள் கேட்டதைப் பார்க்கிறோம். மிச்சச் சில்லறை தர அவள் முனையும்போது காரின் உண்மையான சொந்தக்காரர் வந்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட, சில்லறையைக்கூட வாங்காமல் போன சீமான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். நாடோடி சத்தமில்லாமல் ஒதுங்கி உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் இருப்பதறியாத அவள் வாளித் தண்ணீரை அவன் முகத்திலேயே வீசுகிறாள். உருக்கத்தின் உச்சியில் அந்தத் தண்ணீர் வராதிருந்தால் காட்சி வழிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இனி பிடிவாதம். பூக்காரியாக நடித்த வர்ஜீனியா செரில் அப்போது இருபது வயதுப் பெண், நடிப்பு அனுபவம் ஏறக்குறைய இல்லாதவர். பூவை நீட்டும் விதம் பிடிக்கவில்லை என்று சாப்ளின் அவரைப் பாடாய்ப் படுத்தினார். ஒரு கட்டத்தில் வேலையிலிருந்தே நீக்கிவிட்டு, 'த கோல்ட் ரஷ்' நாயகி ஜார்ஜியா ஹேலை வைத்துச் சோதனை எடுத்தார். எடுத்ததையெல்லாம் மறுபடி எடுக்க வேண்டிவரும் என்பதால் செரிலையே திரும்ப அழைக்க நேர்ந்தபோது, அவர் சம்பளத்தை இரட்டிப்பாக்கிக் கேட்டு வாங்கிக்கொண்டார் (நன்றாகவே செய்தார்). படத்தில் வரும் குடிகாரக் கோடீசுவரராக முதலில் நடித்த ஓவியர் ஹென்றி கிளைவ், குளிர்ந்த தண்ணீரில் குதிக்கத் தயங்கியதற்காகவே நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த ஹாரி மையர்ஸ் இல்லாமல் இன்று அந்தப் பாத்திரத்தை நினைத்துப் பார்க்க முடியாது. இத்தனைக்கும் ஈடுகொடுத்துக் கேமராவோடு நின்ற ஒளிப்பதிவாளர் ரோலண்ட் டோதரோவை யாரும் பாராட்டுவதில்லை. செரிலைப் படுத்திய பாட்டில் குற்றம் அந்தப் பெண்ணுடையதல்ல, பங்கு தன்னுடையதும்தான், குறையே இருக்கக்கூடாது என்ற வெறி அப்போது தன்னைப் பிடித்திருந்தது என்று சாப்ளினே சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார்.

வேறு யாருக்கும் இது கட்டுப்படியாகியிருக்காது. ஸ்டூடியோ அவருடையது, பணமும் அவருடையது; தேதி கேட்டு நெருக்க மேலே முதலாளி இல்லை. படம் 1931 ஜனவரி 30 அன்றுதான் லாஸ் ஏஞ்சல்ஸில் திரையேறியது.

இந்தக் காட்சியைச் சாப்ளின் ஒத்திகை பார்ப்பதை, அவருடைய நண்பரான கேலிச்சித்திரக்காரர் ரால்ஃப் பார்ட்டன் தன் சிறிய கேமராவில் பதிவுசெய்து வைத்திருந்தார். கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் 1983-இல் எடுத்த 'அன்னோன் சாப்ளின்' ஆவணத்தொடரில் அந்தத் துண்டு இருக்கிறது. முதுமையடைந்த செரிலும் அதில் பேசுகிறார். கிடைத்தால் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு, அதன்பிறகு இதைப் பாருங்கள்.