பல்லவி யாருடையது?

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகச் சித்தப்பாவிடம் பாட்டு எழுதக் கற்று வருகிறேன். மேடைகளுக்கும் நாடகங்களுக்கும் நிறைய எழுதியவர் அவர். இன்றுவரை தன் மெட்டுகளைக் கொடுத்து வரிகள் எழுதச் சொல்கிறாரே தவிர, சொந்தமாக மெட்டமைக்க என்னை விடுவதில்லை. நான் எழுதியதைப் பாடிக் காட்டிவிட்டு, ‘மறுபடி எழுது’ என்பார், காரணம் சொல்லமாட்டார். சென்ற மாதம் ஒரு போட்டியில் என் பாட்டு முதல் பரிசும் பணமும் பெற்றது. (பல்லவியின் இரண்டு வரிகள் மட்டும் சித்தப்பா சொன்னவை. தன் பெயரைப் போடும்படி அவரும் கேட்கவில்லை.) அதற்குப் பிறகு அவர் என்னுடன் முன்போல் பேசுவதில்லை. நான் வளர்வது அவருக்குப் பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது. அவரை விட்டு விலகி, கட்டணம் கட்டி ஒரு பயிற்சி வகுப்பில் சேரலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, கற்றுக்கொடுப்பவருக்குத் தன் மேல் பொறாமை என்று எழுதும் கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. உங்கள் கடிதத்தில் சொல்ல வேண்டிய செய்தி அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது. அதை வெளியே எடுப்போம்.

‘இரண்டு வரிகள் மட்டும்’ என்கிறீர்கள். பாட்டு எழுதுகிறவர் பல்லவியைப் பற்றி ‘மட்டும்’ என்று சொல்லலாமா? சரணம் ஒருமுறை வந்து போகும். பல்லவி திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு சரணத்தின் கடைசி அடியையும் பல்லவியின் எடுப்போடு போய்ச் சேரும்படிதான் எழுதுகிறோம். மூன்று சரணங்கள் என்றால், உங்கள் சரணம் ஒவ்வொன்றும் ஒருமுறை ஒலித்திருக்கும். அவருடைய வரிகள் நான்கு முறை. கேட்டவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனதும் அவற்றைத்தான்.

‘அவரும் கேட்கவில்லை.’ எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில். எந்தச் சித்தப்பா அண்ணன் மகனிடம் வந்து, ‘என் பெயரையும் போடு’ என்று கேட்பார்? கேட்டால் பிள்ளையின் பரிசில் பங்கு கேட்கிறார் என்று வீட்டிலேயே பேச்சு வரும். பெரியவர்கள் வாய் திறந்து கேட்க முடியாததைச் சிறியவர்கள் தாமாக அறிந்து செய்ய வேண்டும். குடும்பத்தில் இதற்கு மேல் பெரிய கடமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. அந்த இரண்டு வரிகளை வெளியாள் ஒருவர் கொடுத்திருந்தால் சண்டைக்கு வருவாரே என்று பயந்து பெயர் போட்டிருப்பீர்கள். சொந்தக்காரர் என்பதால் எடுத்துக்கொண்டீர்கள். அவருடைய மௌனத்துக்குப் பொறாமை என்று பெயர் வைத்தது அதைவிடப் பெரிய தவறு.

கனகசுப்புரத்தினம் என்ற கவிஞர் பாரதியார் மீது கொண்ட பற்றால் பாரதிதாசன் ஆனார். அவரைத் தன் ஆசானாகக் கொண்ட ராஜகோபாலன், சுப்புரத்தினதாசன் என்று பெயர் சூடி, அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். திரைப்பாடல்களும் எழுதியவர் அவர். தங்கள் பெயரிலேயே ஆசானைச் சுமந்தார்கள்; அதனால் இருவர் புகழும் குறைந்துவிடவில்லை. உங்களிடம் நான் கேட்பது பாட்டின் கீழே ஒரு பெயர்.

காரணம் சொல்லமாட்டார் என்ற புகாருக்கு வருகிறேன். அவர் பாடிக் காட்டுகிறார் அல்லவா? காரணம் அதில்தான் இருக்கிறது. மெட்டு நீளும் இடத்தில் ‘மலை’ என்று எழுதியிருப்பீர்கள். பாடினால் ‘மாலை’ என்று கேட்கும். அடியின் முடிவில் இழுக்க வேண்டிய இடத்தில் ‘காற்று’ என்று வைத்திருப்பீர்கள். அரை மாத்திரைக் குற்றியலுகரத்தை இழுத்தால் ‘காற்றூ’ என்று அசிங்கமாக ஒலிக்கும். பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் ‘தாமரை’ வந்து விழுந்தால் ‘தா’ ஒரு பக்கமும் ‘மரை’ ஒரு பக்கமும் போகும். யாப்பில் இதை வகையுளி என்பார்கள். எதுகையும் மோனையும் தாளில் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்தக் குற்றங்களைக் காதுதான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த முறை அவர் பாடும்போது தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேளுங்கள். எந்த இடத்தில் அவர் குரல் தடுமாறுகிறதோ, அங்கே உங்கள் சொல் தவறு.

சொந்த மெட்டுக்கு அவர் விடாததிலும் நியாயம் இருக்கிறது. மெட்டு உங்களுடையதாக இருந்தால், வரி முரண்டும்போது மெட்டை வளைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்வீர்கள். அது அவருடையதாக இருக்கும்போது உங்கள் வரிதான் வளைய வேண்டும். ‘தனன தானன’ என்ற சந்தத்துக்குள் குறிலும் நெடிலும் இடம் மாறாமல் பொருளையும் கொண்டுவந்து நிறுத்தப் பழகியவருக்கு, பிறகு எந்த மெட்டும் தடையாக இராது. இரண்டு ஆண்டுகள் இதற்கு அதிகமில்லை.

சித்தப்பாவிடமும் ஒரு குறை உண்டு. போட்டிக்குப் போகும் பாட்டுக்கு ஆயத்தமான பல்லவியை அவர் கொடுத்திருக்கக் கூடாது. பாசத்தில் கொடுத்திருப்பார். கற்றுக்கொடுப்பவர் மாணவனின் தாளில் தன் வரியை எழுதத் தொடங்கினால் மாணவன் தேடுவதை நிறுத்திவிடுகிறான். ‘இனி எனக்கு வரி சொல்லாதீர்கள், எந்தச் சொல் இடறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள்’ என்று நீங்களே அவரிடம் கேளுங்கள். நாளை நீங்கள் யாருக்காவது கற்றுக்கொடுத்தாலும் இப்படியே செய்யுங்கள்.

வகுப்பில் சேர்வதை நான் தடுக்கவில்லை. அங்கே இலக்கணம் ஒழுங்காகக் கிடைக்கும், புதிய மெட்டுகளும் கிடைக்கும். ஆனால் இப்போது போனால் அது படிப்புக்காகப் போவதாக இராது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடுவதாகவே இருக்கும். முதலில் போட்டி நடத்தியவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். பல்லவி யாருடையது என்று தெளிவாகச் சொல்லுங்கள். முழுப் பாட்டும் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதியானால், பரிசைத் திருப்பிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் நகலோடு சித்தப்பா வீட்டுக்குப் போங்கள். அவர்கள் பரிசை உங்களிடமே விட்டுவிட்டால் பணத்தில் பாதியையும் கொண்டுபோங்கள். அவர் வாங்கமாட்டார். சித்தியின் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.