காபியோடு போகும் தைராய்டு மாத்திரை

கேள்வி: எனக்கு 38 வயது. தைராய்டு சுரப்பு குறைவு என்று இரண்டு வருடமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறேன். இதற்குள் 11 கிலோ ஏறிவிட்டேன். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் பக்கமே போவதில்லை. காலையில் காபியோடு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் போட்டுக்கொண்டால் மதியம் வரை வேறு எதுவும் சாப்பிடமாட்டேன். போன மாதம் டிஎஸ்ஹெச் 8.2 என்று வந்தது. மாத்திரையை 100 ஆக்கிக்கொண்டால் எடை மளமளவென்று இறங்கும் என்கிறாள் தோழி. செய்யலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: செய்யாதீர்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன், முதலில் அந்தக் காபி விஷயம்.

போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அங்கேதான் கண் நின்றது. தைராய்டு மாத்திரை ரொம்ப நுணுக்கம் பார்க்கிற மாத்திரை. காபி கூடப் போனால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது, கால்சியமோ அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்துக்குப் போகவிடாது. அதாவது நீங்கள் 75 விழுங்குகிறீர்கள், உடம்புக்கு அவ்வளவும் போய்ச் சேருவதில்லை. டிஎஸ்ஹெச் என்பது தைராய்டைத் தூண்டுகிற ஹார்மோன், தைராய்டு சுரப்பு குறைந்தால் இது ஏறும். பொதுவாக 0.4 முதல் 4 வரை இருந்தால் சரி என்பார்கள். மாத்திரை சாப்பிட்டும் 8.2 என்றால், டோஸ் போதவில்லையா என்று கேட்பதற்கு முன்னால், டோஸ் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு போடுங்கள். அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும், பேசாமல் அவற்றை மதியத்துக்குத் தள்ளிவிடுங்கள். நேரத்தை மாற்றியதை டாக்டரிடம் சொல்லிவிட்டு 6 முதல் 8 வாரம் கழித்து டெஸ்ட் எடுங்கள். அதற்கு முன்னால் எடுத்துப் பயனில்லை, டிஎஸ்ஹெச் மெதுவாகத்தான் நகரும். முடிக்காக பயோட்டின் சாப்பிடுகிறவராக இருந்தால் டெஸ்டுக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள், அது ரிசல்ட்டையே குழப்பிவிடும்.

இனி எடை. இதைச் சொன்னால் கோபம் வரும், பரவாயில்லை. தைராய்டு சுரப்பு குறைவதால் மட்டும் ஏறுகிற எடை பெரும்பாலும் 2 முதல் 4 கிலோ வரைதான், அதிலும் பெரும்பங்கு உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். மீதி ஏழெட்டு கிலோவைத் தைராய்டின் தலையில் கட்ட முடியாது. அதற்காக எல்லாம் உங்கள் தப்பு என்றும் நான் சொல்லவரவில்லை. சுரப்பு குறைந்தால் வருகிற அசதியில் நடக்கக்கூடத் தோன்றாது, மலச்சிக்கல் வேறு, மனசும் மந்தமாகிவிடும். தூக்கம் கெடுவது, வேறு மருந்துகள் என்று பல காரணங்கள் இருக்கலாம், டாக்டரிடம் கேளுங்கள்.

மதியம் வரை பட்டினி என்று எழுதினீர்கள், இரவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே? பகலில் வயிற்றைக் காயப்போட்டவர்கள் ராத்திரி பத்து மணிக்கு அடுக்களையில் நின்றபடியே சாப்பிடுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். பட்டினி நீண்டால் உடம்பே டி3 என்ற தைராய்டு ஹார்மோனைக் குறைத்துச் செலவைச் சுருக்கிக்கொள்ளும், தசையும் கரையும். எதற்கு மருந்து சாப்பிடுகிறீர்களோ அதற்கே எதிர்வேலை! காலையில் புரதம் உள்ள ஏதாவது சாப்பிடுங்கள், முட்டையோ பயறோ.

தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸை ஒதுக்காதீர்கள், பாவம். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. தைராய்டுக்கு என்று விற்கிற கடற்பாசி மாத்திரைகளைத்தான் தொடக்கூடாது, அவற்றில் அயோடின் ரொம்ப அதிகமாக இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும், அளவுக்கு மேல் போனால் அதுவே சுரப்பியைக் கெடுக்கும்.

தோழி சொன்ன 100-க்கு வருகிறேன். உங்களுக்கு நிஜமாகவே அவ்வளவு தேவைப்படலாம், ஆனால் அதை ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும். தேவைக்கு மேல் போனால் நெஞ்சு படபடக்கும், இதயத் துடிப்பு தாளம் தப்பும், நாளடைவில் எலும்பு தேயும். எடை குறைந்தாலும் கூடவே தசையும் போகும். கர்ப்பம் என்று தெரிந்தால் மட்டும் அடுத்த டெஸ்ட் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள், அப்போது டோஸ் கூட்ட வேண்டியிருக்கும்.

இரண்டு மாதம் கழித்து ரிசல்ட்டோடு எழுதுங்கள், ராத்திரிச் சாப்பாட்டையும் மறைக்காமல்.