ஆக்சஸ் பாயின்ட்டைக் கூட்டியும் அலுவலக வைஃபை ஏன் மெதுவாகிறது?

ஒரே மாடியில் 6 ஆக்சஸ் பாயின்ட்டை (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) 12 ஆக்கியதும் வேகம் குறைந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். ஒரே சேனலில் ஒன்று பேசினால் பக்கத்தில் உள்ளவை காத்திருக்க வேண்டும். பாதிப் பெட்டிகளில் 2.4 ரேடியோவை அணைத்துவிடுங்கள். சில மாடல்களில் அந்த ரேடியோவையே 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றலாம்; வாங்கும்போது இந்த வசதியைக் கட்டாயம் பாருங்கள். 5-இல் சேனல் அகலம் 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் போதும்.

அப்புறம், எஸ்எஸ்ஐடி, அதாவது போனில் தெரியும் வைஃபை பெயர்களின் எண்ணிக்கை. பலரும் கவனிக்காத இடம் இதுதான். ஒவ்வொரு பெயருக்கும் நொடிக்குச் சுமார் 10 பீக்கன் (‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு) போகும், அதுவும் பெரும்பாலும் மிக மெதுவான 1 மெகாபிட் வேகத்தில்; பெயர்கள் கூடினால் சேனலின் நேரம் இதிலேயே போய்விடும். கணக்குப் பிரிவு, மனிதவளம், மேலாளர் என்று தனித்தனிப் பெயர் வேண்டாம். ஒரே பெயர் வைத்து, லாகின் செய்பவரைப் பார்த்து ரேடியஸ் சர்வரே (யார் நுழைகிறார் என்று சரிபார்க்கும் சர்வர்) அவரவர் விலானில் (ஒரே நெட்வொர்க்குக்குள் தனித்தனிப் பிரிவு) சேர்க்கட்டும். 1, 2 மெகாபிட் வேகங்களையும் நிறுத்திவிடுங்கள்.