குரல் கம்மலுக்கு மைக் எதற்கு?

கேள்வி: நடுநிலைப் பள்ளி ஆசிரியை நான். 2 மாதமாகக் குரல் கம்மல், மூன்றாவது பீரியடுக்கு மேல் வெறும் காற்றுதான் வருகிறது. இ.என்.டி. டாக்டர் ஸ்கோப் பார்க்கச் சொல்கிறார், ஸ்பீச் தெரபிஸ்ட் மைக் முன்னால் ‘ஆ’ என்று இழுக்கச் சொல்கிறார். இதை போன் ஆப்பிலேயே அளக்கலாமே என்கிறார் கணவர். சரியா?

பதில்: முதலில் ஸ்கோப் பாருங்கள் டீச்சர், மற்றதெல்லாம் அப்புறம். சளியால் கட்டிய தொண்டை ஓரிரு வாரத்தில் தெளிந்துவிடும். 4 வாரம் தாண்டியும் கம்மல் இருந்தால் ஸ்கோப் கருவியைத் தொண்டைக்குள் விட்டுக் குரல்நாணைப் பார்த்தே ஆக வேண்டும். கத்திக் கத்திப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இரண்டு நாண்களிலும் எதிரெதிரே காய்ப்பு வருவது சகஜம்தான், ஆனால் அதுவா, பாலிப் என்கிற சதை வளர்ச்சியா, ஒரு நாண் அசையாமல் நிற்கிறதா, அரிதாகப் புற்றா என்று எந்த ஆப்பும் சொல்லாது.

பெண் குரலில் நாண்கள் நொடிக்குச் சுமார் 200 தடவை அதிர்கின்றன, கண்ணுக்குப் பிடிபடாது. ஸ்ட்ரோபோஸ்கோப்பில் அந்த வேகத்துக்குச் சற்று முன்பின்னாக விளக்கை மின்னவிடுவார்கள். அதிர்வு மெல்ல அலையடிப்பதுபோல் தெரியும், நாண்கள் எங்கே ஒட்டாமல் இடைவெளி விடுகின்றன என்பதும் தெரியும். (1854இல் பல் டாக்டரின் கண்ணாடியை வாயில் விட்டுத் தன் குரல்நாணையே பார்த்த மனுவேல் கார்சியா ஒரு பாட்டு வாத்தியார்!)

தெரபிஸ்ட் வெறும் காதாலும் மதிப்பெண் போடுவார். ஜப்பானிலிருந்து வந்த முறை அது: மொத்தக் கம்மல், கரகரப்பு, காற்றுக் கசிவு, பலவீனம், இறுக்கம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. ‘வெறும் காற்றுதான் வருகிறது’ என்று எழுதினீர்களே, அதில் ஒன்றை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மூச்சை நன்றாக இழுத்து ‘ஆ’ சொல்லிப் பாருங்கள், 15 நொடியாவது நிற்க வேண்டும். 10கூட வரவில்லையென்றால் காற்று கசிகிறது என்று சந்தேகிக்கலாம்.

மைக் கணக்கு, அலைக்கு அலை சுருதி எவ்வளவு நடுங்குகிறது, சத்தம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது. ஃபேன் ஓடினாலே, மைக் சற்றுத் தள்ளிப் போனாலே எண் மாறும். இதில் வேடிக்கை, குரல் ரொம்ப உடைந்திருந்தால் ஓர் அலை எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே கம்ப்யூட்டருக்குப் பிடிபடாது, அப்போது வருகிற எண்ணை நம்ப முடியாது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அதே மைக், அதே அறை என்றால் அந்த எண் உதவும், வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்த குரலோடு திங்கள் காலை டாக்டரிடம் போய் நிற்காதீர்கள். பள்ளி விட்டதும் நேரே போங்கள்.