அட்டையில் எழுதிய எடையை யார் பார்க்கிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் புற்றுநோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்லும் டயட்டீஷியன் நான். இந்த மாதம் வந்த கேள்விகளில் நான்கு.

கணவருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். மூன்றே மாதத்தில் 72 கிலோவிலிருந்து 64-க்கு இறங்கிவிட்டார். டாக்டரிடம் சொன்னால், "இந்த நோய்க்கு மெலியத்தான் செய்யும்" என்கிறார். – சாட்ஸ்வர்த் வாசகி

அப்படியே விட்டுவிடாதீர்கள், அம்மா. 72-ல் 8 போனால் 11 சதவீதம். சத்துக்குறைவு ஆபத்தைக் கணிக்க ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்தும் 'மஸ்ட்' அளவுகோலில், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே அதிக ஆபத்து என்று கணக்கு.

பெரும்பாலான கீமோ மருந்துகளின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நர்ஸ் எடை பார்த்து அட்டையில் எழுதுவார். போன சுற்றின் எடையோடு இன்றைய எடையை ஒப்பிட ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பல இடங்களில் அதைச் செய்வதில்லை. என் பெரியப்பாவின் அட்டையில் ஐந்து எடைகள் இருந்தன, ஒன்றைவிட ஒன்று குறைவாக. கல்யாண மோதிரம் கழன்று விழாமலிருக்க பெரியம்மா அதில் மஞ்சள் நூல் சுற்றிவிட்டிருந்தார். எங்கள் கண்ணில் முதலில் பட்டது அந்த நூல்தான். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்த ஆற்றாமை இன்னும் எனக்குத் தீரவில்லை.

சத்துக்குறைவைக் கண்டுபிடிக்க 1999-ல் ஆஸ்திரேலியாவில் உருவான 'எம்.எஸ்.டி.' சோதனையில் கேட்பது இரண்டே விஷயம்: முயற்சி செய்யாமலே எடை குறைந்ததா, பசி குறைந்து சாப்பாடு குறைந்ததா? எடை குறைந்ததா என்பதே தெரியவில்லை என்றால் அதற்கும் 2 மதிப்பெண் உண்டு. மொத்தம் 2 வந்தாலே டயட்டீஷியன் பார்க்க வேண்டும். உங்கள் கணவருக்கு எடைக்கு மட்டுமே 2 வந்துவிட்டது. அடுத்த முறை இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி டாக்டர் கையில் கொடுங்கள். விழுங்க முடியாமல் போகும்வரை காத்திராமல், குழாய் வழி உணவு பற்றியும் இப்போதே கேளுங்கள். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே இறங்கவில்லை என்றால், வீட்டில் வைத்து ஒரேயடியாக ஊட்டாதீர்கள். அப்படி ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு திடீரென்று ஆபத்தான அளவுக்குச் சரியலாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அம்மா 92 கிலோ இருந்தார், இப்போது 81. "நல்லதுதானே" என்கிறார்கள் எல்லோரும். – ஃபீனிக்ஸ் வாசகர்

நல்லதல்ல. புற்றுநோயில் கொழுப்போடு தசையும் கரைகிறது. பருத்த உடம்பு அதை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். வயிற்றிலோ காலிலோ நீர் கோத்திருந்தால் தராசும் ஏமாற்றும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா என்று பாருங்கள்.

புரட்டாசி விரதம் இருக்கலாமா? சர்க்கரை புற்றுநோயை வளர்க்கும் என்று கஞ்சியில்கூட இனிப்பை நிறுத்திவிட்டோம். – டோங்காட் வாசகர்

மாமிசம் தவிர்ப்பதில் தவறில்லை. ஒருவேளை மட்டும் சாப்பிடும் விரதம் சிகிச்சை முடியும்வரை வேண்டாம். பெருமாள் உடம்பை வருத்தச் சொல்லமாட்டார். ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம்வரை புரதம். 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 90 கிராம். பருப்பு, சுகர் பீன்ஸ் பயறுக் கறி, மாஸ் என்ற புளித்த பால் எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, நாளில் ஆறு தடவை கொடுங்கள். இனிப்பை நிறுத்தினால் புற்று பட்டினி கிடக்காது, நோயாளிதான் கிடப்பார். சர்க்கரை நோய் இல்லையென்றால் கஞ்சியில் இனிப்பும் ஒரு கரண்டி நெய்யும் சேருங்கள்.

நான் மருத்துவ மாணவி. எங்களுக்கு இதையெல்லாம் ஏன் ஒழுங்காகச் சொல்லித் தருவதில்லை?

நோயைத் தேடக் கற்பிக்கும் பாடத்திட்டத்தில் சாப்பாடு கடைசி வரிசையில்தான் இருக்கிறது, தங்கச்சி. அமெரிக்காவில் 1985-லேயே மருத்துவப் படிப்பில் குறைந்தது 25 மணி நேரம் ஊட்டச்சத்து கற்பிக்கப் பரிந்துரைத்தார்கள். அதன்பிறகும் பல கல்லூரிகள் அதை எட்டவில்லை. ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம் சரியாக இருந்தால் சத்துக்குறைவு இல்லை என்று இன்றும் நம்புகிற டாக்டர்கள் உண்டு. ஆல்புமின் உடலின் அழற்சியைப் பொறுத்து ஏறி இறங்கும். சாப்பாட்டின் அளவை அது காட்டாது.

என்னோடு வார்டுக்கு வரும் இன்டர்ன்களிடம் முதல் நாளே ஒரு தையல் டேப்பைக் கொடுப்பேன். படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு மேல்கையின் நடுவில் சுற்றளவு எடுக்க வேண்டும். 23.5 செ.மீ.-க்குக் குறைந்தால் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 20-க்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். முதல் தடவை டேப்பைச் சுற்றும்போதே பிள்ளைகளின் முகம் மாறிவிடும். போர்வைக்குள் அந்தக் கை அவ்வளவு மெலிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். நீங்களும் ஒரு டேப் வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அளந்ததைப் பழைய எடைகளுக்குப் பக்கத்திலேயே எழுதி, குறைந்திருந்தால் அன்றைக்கே உங்கள் டயட்டீஷியனைக் கூப்பிடுங்கள்.