பதில்: நேர்மையாக வேலை செய்தும் ஆசீர்வாதம் இல்லையே

சகோதரரே, கிடங்கில் 8 வருடமாகச் சரக்குக் கணக்கு எழுதுகிறீர்கள், பொய்க் கணக்கு எழுதியவருக்குப் பதவி உயர்வு, ஊழியத்துக்கு, அதாவது முழுநேர சபைப் பணிக்குப் போன நண்பர்களைப் பார்த்தால் உங்கள் வேலை வீண் என்று தோன்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள்.

நானும் 11 வருடம் தையல் கூடத்தில் காஜா போட்டவன். ஒரு சட்டைக்கு ஏழு காஜா. அதில் என்ன ஊழியம் என்று எனக்கும் தோன்றியதுண்டு.

அப்போஸ்தலர் பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியின் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்தார் (அப்போஸ்தலர் 18:3). தோலோ துணியோ, ஊசி குத்திக் கை காய்த்திருக்கும். அந்தக் கையைக் காட்டித்தான் அப்போஸ்தலர் 20:34-இல் பேசுகிறார். ‘கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்’ என்ற வசனத்தை (கொலோசெயர் 3:23) நாம் மேடைப் பிரசங்கத்துக்குப் பயன்படுத்துகிறோம். பவுல் அதை எழுதியது அடிமைகளுக்கு. பதவி உயர்வே இல்லாதவர்களுக்கு! ஏதேனிலும் பாவம் வருவதற்கு முன்பே ஆதாமுக்குத் தோட்ட வேலை இருந்தது.

எனக்கு மாற்றம் வந்தது சின்ன விஷயத்தில். பிசிறு நூலை வெட்டாமல் விட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஒருநாள் வெட்டினேன், அந்தச் சட்டையைப் போடப்போகிறவருக்காக ஒரு வரி ஜெபித்தேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. சம்பளம் ஏறவில்லை, ஆனால் ராத்திரி தூக்கம் வந்தது.

போதுமென்ற மனம் என்றால் வாயை மூடிக்கொள்வது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. உயர்வு கேளுங்கள், தரவில்லையென்றால் வேறு இடமும் தேடுங்கள். சரி, உங்கள் கணக்கைத் திருத்தச் சொல்லி யாராவது கேட்டார்களா? அதை எழுதவில்லையே.