வெர்னா டர்போ, விர்டஸ் ஜிடி, பழைய ஆக்டேவியா ஆர்.எஸ்.: வட சென்னையில் வைத்து ஓட்ட எது சரிவரும்?

கேள்வி இதுதான்: பெரம்பூரில் வீடு, மணலியில் வேலை, கையில் ஆன்ரோடு (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து) 20 லட்சம் வரை. புது வெர்னா 1.5 டர்போ, புது விர்டஸ் ஜிடி 1.5, தெரிந்தவர் மூலம் செகண்ட் ஹேண்டில் வந்திருக்கும் 2020 ஆக்டேவியா ஆர்.எஸ். 245. எதை நம்பி வாங்கலாம், எது செலவு இழுக்கும், எது ஓட்ட ஆசையாக இருக்கும்?

நான் தண்டையார்பேட்டை. உங்களைப் போலவே வேகமான வண்டி மேல் ஆசை வைத்து, ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெர்னா, விர்டஸ் இரண்டில் எது பிடித்தாலும் வாங்குங்கள், ஆனால் மேனுவல் கியர் வாங்குங்கள். ஆக்டேவியா அருமையான கார்தான். தினமும் மணலிக்குப் போய்வரும் ஒரே வண்டியாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூன்றிலும் இன்ஜின் பலமானது. வெர்னா 160 பி.எஸ். (சக்தி), 253 நியூட்டன் மீட்டர் (டார்க், அதாவது இழுவிசை). விர்டஸ் 150 பி.எஸ்., 250 நியூட்டன் மீட்டர். ஆக்டேவியா 245 பி.எஸ்., 370 நியூட்டன் மீட்டர். எல்லோரும் இந்த எண்களைத்தான் பார்க்கிறார்கள். நம் ஏரியாவில் முதலில் அடி வாங்குவது இன்ஜின் இல்லை, கியர்பாக்ஸ்.

என் கதையைச் சொல்கிறேன். முன்பு என்னிடம் ஒரு டர்போ ஹாட்ச்பேக் இருந்தது. உலர் டபுள் கிளட்ச் என்ற வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். கம்பெனி பெயர் வேண்டாம். முதல் மூன்று வருடம் சொர்க்கம். 58,000 கி.மீ. ஆனபோது, எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவில், ஒரு மே மாத மதியம், கியர் விழாமல் அப்படியே நின்றுவிட்டது. முன்னாலும் டிரெய்லர், பின்னாலும் டிரெய்லர். பின்சீட்டில் அம்மா. வண்டியைத் தள்ளிக்கூட ஓரம் கட்ட இடமில்லை. கிளட்சும் அதை இயக்கும் யூனிட்டும் சேர்த்து 2 லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்தார்கள். வாரண்டி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். உலர் டபுள் கிளட்சில் இரண்டு கிளட்ச் தட்டுகள் உண்டு. அவற்றைக் குளிர்விக்க ஆயில் கிடையாது, காற்று மட்டும்தான். ஓடும் சாலையில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும், சூடே ஏறாது. ஆனால் இரண்டு அடி நகர்ந்து நிற்கும் டிராஃபிக்கில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் இடையே அது தேய்ந்துகொண்டே இருக்கும். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் ஊர்வதுதான் அதற்குப் பெரிய தண்டனை. மூலக்கடை, மாதவரம் பால் பண்ணை வழியாக மணலிக்கு மாலையில் போய்வருகிறவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெர்னா டர்போ, விர்டஸ் ஜிடி இரண்டின் ஆட்டோமேட்டிக்கும் இந்த உலர் வகைதான். எல்லா வண்டியிலும் கெடும் என்று சொல்லவில்லை. பத்து வருடம் பிரச்சினை இல்லாமல் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நம் பாதை அதற்கு ஏற்ற பாதை இல்லை. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் எக்ஸ்டெண்டட் வாரண்டி இல்லாமல் டெலிவரி எடுக்காதீர்கள்.

ஆக்டேவியா ஆர்.எஸ். இந்த விஷயத்தில் ஒரு படி மேல். அதில் கிளட்ச் ஆயிலில் நனைந்தே இருக்கும், சூட்டைத் தாங்கும். குறித்த கிலோமீட்டருக்கு கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், செலவு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்த வண்டியில் சிக்கல் வேறு இடத்தில். இந்தியாவுக்கு வந்ததே 200 கார்கள், அதுவும் முழுதாக இறக்குமதி. அந்த 2.0 லிட்டர் டர்போ குடும்பத்தில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பகுதியில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கசிவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அதற்குப் பாகம் கிடைத்துவிடும். பம்பர், ஹெட்லைட், ஆர்.எஸ்.-க்கே உரிய பாகம் என்றால் வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கும். பழைய கார் பாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடினாலும் கிடைக்காது, ஏனென்றால் அங்கே உடைக்க வரும் அளவுக்கு அந்தக் கார் ரோட்டிலேயே இல்லை.

டயரைப் பாருங்கள். ஆர்.எஸ். 245-இல் 225/40 ஆர்18. வெர்னா டர்போவிலும் விர்டஸ் ஜிடியிலும் 205/55 ஆர்16. அந்த 40-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசம், ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையே இருக்கும் ரப்பரின் உயரம். கனரக லாரிகள் உடைத்துப்போட்ட சாலையில், மழைநீர் மூடிய பள்ளத்தில் ஒருமுறை இறங்கினால் 40 டயரின் பக்கச்சுவர் வீங்கிவிடும். என் நண்பரின் இறக்குமதி செடானில் ஒரே மழைக்காலத்தில் இரண்டு டயர் போயின.

மாதச் செலவுக்கு வருவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய விலையில், மாதம் 1,000 கி.மீ. ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது என்னிடம் இருப்பது வெர்னா டர்போ மேனுவல். இரண்டு வருடத்தில் 27,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஊருக்குள் லிட்டருக்கு 10, 11 கி.மீ. கொடுக்கிறது, நெடுஞ்சாலையில் 16 தாண்டும். விர்டஸ் 1.5-இல் அழுத்தம் இல்லாதபோது நான்கில் இரண்டு சிலிண்டர் தானாக அணைந்துவிடும். அது நெடுஞ்சாலையில் நன்றாக மிச்சம் பிடிக்கும், மூலக்கடை சிக்னலில் பெரிதாக உதவாது. ஆக்டேவியா நம் டிராஃபிக்கில் 7, 8 கொடுத்தாலே பெரிது. கணக்குப் போட்டால் வெர்னாவுக்கு 95 லிட்டர், ஆக்டேவியாவுக்கு 130 லிட்டருக்கு மேல். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாயாவது கூடுதல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்கள் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் பாகங்களோடு வருகின்றன. 2020 ஆக்டேவியா அதற்கு முந்தையது. இப்போது பங்கில் கிடைப்பது அந்த எத்தனால் பெட்ரோல்தான்.

இன்சூரன்ஸில் ஒரு நல்ல விஷயம் உண்டு. வெர்னா 1,482 சி.சி., விர்டஸ் 1,498 சி.சி. இரண்டும் 1,500-க்குள் அடங்குவதால், 2022-இல் அறிவித்த கட்டணப்படி மூன்றாம் நபர் பிரீமியம் வருடத்துக்கு 3,416 ரூபாய். 1,500-ஐத் தாண்டிய ஆக்டேவியாவுக்கு 7,897. சாலை வரிதான் புது வண்டியில் வலிக்கும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்கு 18 சதவீதம். பழைய வண்டிக்கு அது ஏற்கெனவே கட்டியாகியிருக்கும். ஆனால் அந்த ஆக்டேவியா கர்நாடகாவிலோ கேரளாவிலோ பதிவானதா என்று பாருங்கள். அப்படியென்றால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே மறுபடியும் வரி கட்ட வேண்டும்.

எந்த வண்டி வாங்கினாலும் இன்சூரன்ஸோடு இன்ஜின் புரொடெக்ட் கவர் சேர்த்துப் போடுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சாதாரண பாலிசியில், இன்ஜினுக்குள் தண்ணீர் போய் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்தால் பணம் வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைத் திருகியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது, டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும். மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கமே போகாதீர்கள், சுற்றிக்கொண்டு போங்கள். ஏர் ஃபில்டரையும் சர்வீஸ் புத்தகத்தில் போட்டிருப்பதில் பாதித் தூரத்திலேயே நான் மாற்றுகிறேன். நம் பக்கம் தூசும் சாம்பலும் அப்படி. கடல் காற்று பிரேக் டிஸ்க்கையும் அடிப்பாகத்தையும் தின்னும், மாதம் ஒருமுறையாவது அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

சரி, ஆசை பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், அதற்காகத்தானே இந்த வண்டிகளைத் தேடுகிறோம். இருங்காட்டுக்கோட்டை டிராக் வருவதற்கு முன் மெட்ராஸ் கார் ரேஸ் நடந்தது நம் வடக்கே, சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில். சின்ன வயதில் சித்தப்பா என்னை அங்கே கூட்டிப்போனார். எரிந்த எண்ணெய் வாசனையும், திருப்பத்தில் கியர் இறக்கும்போது வந்த உறுமலும் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு மாதவரத்தில் கிளம்பி, சோழவரம், கும்மிடிப்பூண்டி தாண்டித் தடா வரை போய் டீ குடித்துத் திரும்புகிறேன். மணிக்கு 100 கி.மீ. வேக வரம்புக்குள்தான். வேகம் என்பதைவிட, மூன்றாவது கியரில் லாரியைத் தாண்டும்போது முதுகை சீட் பிடித்துத் தள்ளுகிறதே, அதுதான் எனக்கு வேண்டும்.

அந்தத் தள்ளுதல் வெர்னாவில் அதிகம். அவசரப்பட்டுக் கிளப்பினால் முன்சக்கரம் சுழலும், ஸ்டீயரிங் கொஞ்சம் லேசு. விர்டஸில் நேர்க்கோட்டு உறுதியும் ஸ்டீயரிங்கின் கனமும் மேல். வளைவில் அதை நம்பலாம், உடைந்த ரோட்டிலும் அது அசராது. ஆனால் அதன் கிளட்ச் என் காலுக்குக் கனமாக இருந்தது, அதனால்தான் வெர்னா எடுத்தேன். ஆக்டேவியாவை ஒருமுறை ஓட்டியிருக்கிறேன். இரண்டுமே அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. இதை மறைத்தால் பொய் சொன்னதாகும். மூலையில் இன்னொரு சின்ன வண்டியும், வருடத்துக்கு ஒன்றரை லட்சம் தனியாக எடுத்துவைக்க வசதியும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கச் சொல்வேன்.

ஷோரூமில் முதலில் டர்போ மேனுவல் இப்போது கிடைக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் இரண்டு, மூன்று வருடம் ஓடிய மேனுவல் வண்டியைத் தேடுங்கள். டெஸ்ட் டிரைவை மாலை ஆறு மணிக்கு வையுங்கள். மூலக்கடைப் பக்கம் முக்கால் மணி நேரம் ஊர்ந்து பாருங்கள், இடது கால் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். வெர்னா மேனுவலை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு ஞாயிறு ஐந்து மணிக்கு மாதவரம் ரவுண்டானாவுக்கு வாருங்கள். தடா வரை நீங்களே ஓட்டுங்கள்.